கூப்பிடு தூரம் என்று சொன்ன ஊர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடம் ஆகிறது. நினைப்பதும் பேனாவை மூடி வைப்பதுமாகவே காலம் போய்விட்டது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கரண்டி பிடித்த கை. நான் சோறு போட்ட பிள்ளைகள் எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள். அவர்கள் கண்ணில் என் எழுத்துப் பட்டால் சிரிப்பார்களோ என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய தயக்கம், இதில் வருகிற ஒரு மனிதர் உயிரோடு இருந்தார். தன் ஊரைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் ஊராரிடம் பட்ட பேச்சு போதும், நானும் எழுதி அதைக் கிளற வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இப்போது அவர் இல்லை. போன தை மாதம் அவர் மகளே என் வீட்டுக்கு வந்து, "எழுதுங்கக்கா. எங்கப்பா பேரப் போட்டே எழுதுங்க" என்றாள். மாதாவை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. பிறந்தது வரதராஜன்பேட்டை. வாக்கப்பட்டது அரியலூர். என் வீட்டுக்காரர் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினார். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கல்யாண மண்டபத்தில் காய் நறுக்கப் போய், அங்கே பெரிய அடுப்புக்கு உலை வைக்கவும், பத்துப் படி அரிசியைக் குழையாமல் வடிக்கவும் பழகினேன். வடிக்கத் தெரிந்ததும் சமையல்காரி என்று பெயர் வந்துவிட்டது. என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் அரியலூரில் கல்லூரிப் பெண்களுக்கு என்று ஒரு விடுதி தொடங்கினார்கள். அதற்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் காலேஜ் என்றால் திருச்சிதான். திருச்சியில் தங்கிப் படிக்க வைக்க எத்தனை பேரால் முடியும்? அரியலூரிலேயே கல்லூரி இருந்தும், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்தும் செந்துறைப் பக்கத்திலிருந்தும் ஒரு பெண் தினம் வந்து போக முடியாது. பஸ் காலையில் ஒன்று, பொழுது சாய்ந்து ஒன்று. ஆண் பிள்ளைகள் பஸ்ஸின் மேலே ஏறி வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்தால் வீடு, வீடு முடிந்தால் கல்யாணம். அப்படி இருந்த காலத்தில், மாதம் ஒரு சின்னத் தொகை கட்டினால் இருக்க இடமும் மூன்று வேளைச் சோறும் என்று ஒரு விடுதி வந்தது எங்களுக்கெல்லாம் பெரிய அதிசயம்.

விடுதி என்றதும் மாடிக் கட்டடத்தை நினைத்துவிடாதீர்கள். ஒரு ரைஸ்மில்காரரின் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நடுக்கூடத்தில் பாய் விரித்து வரிசையாகப் படுப்பார்கள். தலைமாட்டில் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டிதான் அலமாரி, மேசை, சில நாள் அழுவதற்குச் சாய்ந்துகொள்ளும் தூணும் அதுதான். கொல்லையில் கிணறு. சமையல்கட்டு மட்டும் பெரிது. நெல் அவித்த இடம் என்பதால் என் அண்டாக்களுக்குத் தோதாக அடுப்பு இருந்தது. அடுப்பு மூட்டுமுன் நான் சிலுவை போட்டுக்கொள்வேன். அடுப்புக்கு மேலே ரைஸ்மில்காரர் மாட்டிவைத்த பிள்ளையார் படம் இருந்தது. பக்கத்திலேயே மாதா படத்தை மாட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒரே புகையில் கறுத்தார்கள்.

எங்கள் வார்டன் செண்பகவல்லி அம்மா. கும்பகோணத்துப் பக்கம். நெற்றி நிறையக் குங்குமம், கைத்தறிச் சேலை, காலில் ரப்பர் செருப்பு. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த அம்மா கூடத்துக்குள் வந்தால் பிள்ளைகள் பின்னலைச் சரிசெய்துகொள்வார்கள்.

அந்த அம்மாவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா விடுதியிலும் வார்டன் முதலில் ருசி பார்ப்பார்கள். முதல் கரண்டி எடுத்து நாக்கில் வைத்து, சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார்கள். அத்தனை பிள்ளைகளும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, அண்டாவின் அடியில் இருப்பதைத் தட்டில் வாங்கிக்கொண்டு சமையல்கட்டுத் தரையில் உட்கார்வார்கள்.

"ஆரோக்கியம், அடியில பருப்பு கட்டியா கிடக்கு. அப்ப முதல் பந்திக்கு வெறும் தண்ணி போயிருக்கு. கரண்டிய அடிவரைக்கும் விட்டுக் கிளறி ஊத்து" என்பார்கள்.

மேலே இருப்பதைச் சாப்பிட்டால் சமையல் தெரியும், அடியில் இருப்பதைச் சாப்பிட்டால்தான் பரிமாறின கை தெரியும் என்பது அந்த அம்மாவின் கணக்கு. அதிலிருந்து நான் கரண்டியை அடிவரை விடாமல் ஊற்றியதே இல்லை. இன்றைக்கும் வீட்டில் ரசம் ஊற்றினால்கூட அப்படித்தான்.

தொடங்கிய வருடமே பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் மகளைச் சேர்க்க வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வார்டன் அம்மா காதருகே குனிந்து, "சமைக்கிறது யாருங்க? என்ன ஆளுங்க?" என்று கேட்டார். நான் உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்துவிட்டது. கை அப்படியே நின்றுவிட்டது.

"ஆரோக்கியம்னு பேரு. நான் அவ கையாலதான் மூணு வேளையும் சாப்பிடுறேன்" என்றார்கள் வார்டன் அம்மா. "பந்தி போடுற நேரம். ஒக்காந்து சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. ஒத்துக்கலைன்னா சாயங்காலம் பெரம்பலூர் பஸ் இருக்கு."

அந்தத் தாய் உட்கார்ந்தார். இரண்டாம் தடவை குழம்பு கேட்டார். மகள் மூன்று வருடம் படித்து முடித்துத்தான் போனாள். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் எனக்கென்று தாய் கொடுத்தனுப்பிய கொத்தமல்லியும் மிளகாயும் கொண்டுவருவாள். அன்றைக்கு வார்டன் அம்மா எனக்காக வாதாடவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. சாப்பாட்டு நேரத்தைச் சொன்னார்கள், பஸ் நேரத்தைச் சொன்னார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

சேர்க்கைக்கு வருகிறவர்களை அந்த அம்மா நடத்தும் முறையும் தனி. பெற்றவர்களுக்கு முதலில் மோர் கொடுக்கச் சொல்வார்கள். பிறகு கேள்வி. எந்த ஊர்? வீட்டில் யார் யார்? ஊர் எவ்வளவு தூரம், எப்படி வருவீர்கள்? அவர்கள் சொல்வதை அவர்கள் எதிரிலேயே எழுதி, எழுதினதைப் படித்துக் காட்டுவார்கள். எழுதிவிட்டால் எழுதினதுதான். அடித்துத் திருத்துவது அந்த அம்மாவுக்குப் பிடிக்காது. ஏனென்றால் ஐந்து மைலுக்குள் ஊர் இருந்தால் விடுதியில் இடம் கிடையாது என்பது திருச்சி மேலாபீஸ் விதி. இருக்கிற கொஞ்ச இடம் தூரத்துப் பிள்ளைகளுக்கு என்று வைத்த விதி. அதற்காக வாயில் வந்த தூரத்தைச் சொல்லுகிற ஆட்கள் உண்டு. மூன்று மைலை முப்பது மைல் என்பார்கள். அந்த அம்மா பஸ் டிக்கெட்டைக் கேட்பார்கள்.

ஊரைக் கிட்டத்தில் இழுத்துச் சொன்ன ஒரே ஆள் மருதமுத்து அண்ணன்தான்.

எண்பதுகளின் தொடக்கம். பிளஸ் டூ வந்த புதிது. மருதமுத்து அண்ணன் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தார். மகள் செல்வராணி. கறுத்து, மெலிந்து, கண் மட்டும் பெரிதாக இருப்பாள். கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியலில் இடம் கிடைத்திருந்தது. அந்த ஊரில் அதற்கு முன் கல்லூரிப் படி ஏறின பெண் யாரும் கிடையாது. அண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மோர் கொடுக்க நான் அங்கேதான் நின்றேன்.

"ஊரு எவ்வளவு தூரங்க?" என்று வார்டன் அம்மா கேட்டார்கள்.

"இந்தா, கூப்பிடு தூரந்தாம்மா. டவுன ஒட்டுன மாதிரிதான் எங்க ஊரு. ஒரு பீடி பத்த வச்சா, அது அணையறதுக்குள்ள வந்துரலாம்."

செல்வராணி அப்பாவின் இடுப்பில் இடித்தாள். அவர் நகர்ந்து உட்கார்ந்தார். "எதுக்குடி இடிக்கிற? உள்ளதத்தான சொல்றேன்."

"அஞ்சு மைல் இருக்குமா?"

"அஞ்சா? ரெண்டரை மைலு. எங்கப்பன் காலத்துல வண்டி கட்டி அளந்ததும்மா."

அந்த அம்மா எழுதினார்கள். படித்துக் காட்டினார்கள். அண்ணன் பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். ஊர் அலுவலரும் அதே தூரத்தைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். மேலாபீஸிலிருந்து பதில் வந்தது: ஊர் அருகில் இருப்பதால் இடம் இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். டவுனுக்குக் கிட்டத்து ஊர் என்றால் ஒரு மதிப்பு. பெண் கொடுப்பார்கள், எடுப்பார்கள். சந்தைக்கு வந்தவன்கூட "எங்க ஊரு பக்கந்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் வெற்றிலை போடுவான். அண்ணன் சொன்ன ரெண்டரை மைலும் பொய்யில்லை. பழைய வண்டிப்பாதையில் அவ்வளவுதான். ஆனால் அந்தப் பாதையின் நடுவயிற்றைக் குவாரி தின்றுவிட்டது. பள்ளத்தின் விளிம்பை ஒட்டி ஒற்றையடித் தடம் ஒன்று பாக்கி. பஸ்ஸில் போவதானால் கீழப்பழுவூர் ரோட்டில் சுற்றிப் போய் இறங்கி, மறுபடி நடக்க வேண்டும். அந்தப் பஸ்ஸும் அவளுடைய நேரத்துக்குக் கிடையாது.

கல்லூரி திறந்து செல்வராணி தினம் அந்தத் தடத்தில்தான் வந்து போனாள். காலையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம்தான் கஷ்டம். மற்றப் படிப்புக்கெல்லாம் மத்தியானத்தோடு வகுப்பு முடிந்துவிடும். வேதியியலுக்கு மத்தியானம் லேபு. லேபு முடிந்து அவள் குவாரிக்குப் போய்ச் சேரும்போது சங்கு ஊதிச் சிவப்புக் கொடி ஏறிவிடும். வெடி வைக்கும் நேரம். கொடி இறங்கும் வரை யாரும் தாண்ட முடியாது. ஒரு நாள் சீக்கிரம் இறங்கும், ஒரு நாள் மருந்து வைத்த குழி ஏதாவது வெடிக்காமல் நின்றுவிட்டால் இருட்டும்வரை இறங்காது. பிறகு விளிம்புத் தடத்தில் ஒரு பெண் பிள்ளை தனியாகப் போக வேண்டும். மழை பெய்தால் கரிசல் மண் முழங்கால்வரை பிடித்து இழுக்கும்.

இதற்குப் பயந்து லேபிலிருந்து பாதியில் எழுந்து ஓடிவர ஆரம்பித்தாள். அவள் வாத்தியார் கூப்பிட்டு, "லேபு முடிக்கலைன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்கம்மா. பேசாம சரித்திரத்துக்கு மாறிக்கோ, மத்தியானமே வூட்டுக்குப் போயிடலாம்" என்றாராம். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளை, விடுதியில் இருக்கிற தோழியைப் பார்க்க வந்தவள், என் சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள்.

"சரித்திரமும் நல்ல படிப்புதான புள்ள?" என்றேன்.

"நல்ல படிப்புதாங்க்கா. ஆனா எனக்கு இதுதான் வருது. அந்த உப்ப நெருப்புல காட்டுனா என்ன கலர் வரும்னு வாத்தியாருக்கு முன்னாடி எனக்குத் தெரியுது. அத விட்டுட்டு எப்படிக்கா?"

அன்று ராத்திரி நான் ஜெபமாலையை எடுத்தால் மனசு நிற்கவில்லை. விடிந்ததும் வார்டன் அம்மாவிடம் போனேன்.

"அம்மா, ஒரு மூலையில படுத்துக்கட்டும். என் பங்குச் சோத்தக் குடுத்துடறேன்."

"உன் பங்கு உனக்குத்தான். அடுப்பு முன்னாடி நிக்கிறவ பட்டினி கிடந்தா, சோறு எல்லாருக்கும் கெடும்" என்றார்கள். "இன்னைக்கு இவளுக்குக் கொல்லைக் கதவத் தெறந்தா, நாளைக்கு ரைஸ்மில்காரர் தங்கச்சி பொண்ணுக்கும் தெறக்கணும். முன்வாசல் வழியா வரட்டும். அவங்கப்பாவ வந்து மாத்திச் சொல்லச் சொல்லு. நான் புதுசா எழுதுறேன்."

அண்ணனை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிடித்தேன். பூசை முடிந்து நான் கத்தரிக்காய் வாங்க வந்த இடத்தில் அவர் கருவாடு வாங்கிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ஊரு தூரம்னு வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுங்க. புள்ள படிப்பு போயிடும்."

"சொல்லமாட்டேன்மா."

"வறட்டு கௌரவம் பாக்காதீங்க."

அவர் கருவாட்டுப் பொட்டலத்தைப் பையில் வைத்துவிட்டு, என்னைக் கொஞ்சம் ஓரமாகக் கூட்டிப்போனார். "கௌரவம்னு நெனைக்காதம்மா. அந்தப் பாதை ஊர்ப் பாதை. இன்னும் எங்க பாதைதான்னு ஊரே சொல்லிக்கிட்டு இருக்கு. அதுக்குத்தான் சனம் விளிம்புலயாவது நடக்குது. வேலைக்காகக் குவாரியில கொடி புடிக்கிறவன் நான். ஏற்கெனவே என்னைய ஒரு மாதிரியாத்தான் பாக்குறாங்க. நானே போயி ஊரு தூரம்னு கையெழுத்துப் போட்டா, பாதை போச்சுன்னு ஒத்துக்கிட்டவன் நானா ஆயிடுவேன்."

அந்த மனிதருக்கு மகளும் வேண்டும், ஊரும் வேண்டும். நான் மாதா கோயிலுக்கு ஒரு நேர்ச்சை நேர்ந்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

வருடத்துக்கு ஒரு தடவை திருச்சியிலிருந்து அதிகாரி ஒருவர் விடுதியைப் பார்வையிட வருவார். கெட்ட மனிதர் இல்லை. சர்க்கரை வியாதிக்காரர். என் மணத்தக்காளி வற்றல் குழம்பு என்றால் பிரியம். அந்த வருடம் அவர் வந்து எல்லாம் பார்த்துச் சாப்பிட்டு முடித்ததும், வார்டன் அம்மா, "சார், ஒரு எடம் வரைக்கும் போய்ட்டு வரணும். ஜீப்புல ஆரோக்கியமும் வருவா" என்றார்கள்.

"என்ன மேடம், அந்தக் குவாரிக்காரர் பொண்ணு விஷயமா? அதான் முடிஞ்சுபோச்சே. ரெண்டரை மைல்னு அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கார். நான் என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். நடந்து பாக்கலாம். நானும் எழுதினவதான், நடந்து பாத்ததில்ல."

கல்லூரி வாசலில் லேபு முடித்து வந்த செல்வராணியை ஏற்றிக்கொண்டோம். ரோடு முடிந்த இடத்தில் ஜீப் நின்றது. நாலு பேரும் இறங்கி நடந்தோம். அதிகாரி வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு. சுண்ணாம்புத் தூள் செருப்புக்குள் புகுந்து நறநறவென்றது. கொஞ்ச தூரம் போனதும் சங்கு ஊதியது. எதிரே சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு வழியை மறித்து நின்றவர் மருதமுத்து அண்ணன்.

எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிற்று. ஆனால் கொடி இறங்கவில்லை.

"நின்னுக்குங்க. வெடிக்கப் போறாங்க."

"ஏம்ப்பா, நான் திருச்சியிலிருந்து வந்த ஆபீசர். அஞ்சு நிமிஷத்துல தாண்டிடறோம்."

"யாரா இருந்தாலும் நிக்கணுங்க ஐயா. பறந்து வர்ற கல்லுக்கு ஆபீசரு யாருன்னு தெரியாதுங்க."

அங்கே ஏற்கெனவே அவர் ஊர்ச் சனம் நின்றிருந்தது. சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள், சுள்ளி பொறுக்கினவர்கள், கல் உடைத்து வேலை முடிந்த பெண்கள். ஒரு பெண் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, "ஒக்காருங்க சார், இன்னைக்கு இப்போதைக்கு எறங்காது" என்றாள். அதிகாரி கூடை மேல் உட்கார்ந்தார். முதல் வெடி வெடித்தபோது எழுந்து நின்றார். இரண்டாவது வெடிக்குத் தரை அதிர்ந்தது. புகை வந்து எல்லோர் மேலும் படிந்தது. அந்த வெள்ளைச் சட்டையும் என் சேலையும் ஒரே நிறமாயிற்று.

ஒரு குழி வெடிக்காமல் நின்றுவிட்டது. காத்திருந்தோம். வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. அதிகாரி முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு செல்வராணியைப் பார்த்தார்.

"தினமும் இப்படித்தானாம்மா?"

"லேபு இருக்கிற நாள்ல ஆமா சார்."

"உங்கப்பா கூட வந்து விட மாட்டாரா?"

"வெடிக்காத குழியெல்லாம் பாத்து முடிச்சாத்தான் சார் அப்பா எடத்த விட்டு நகரலாம். நகர்ந்துட்டா யாராவது தாண்டிடுவாங்க."

அதிகாரி எழுந்து அண்ணனிடம் போனார். வார்டன் அம்மா நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"சொல்லுய்யா. உங்க ஊரு எவ்வளவு தூரம்?"

சனம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. சுள்ளிக்கட்டுக்காரி ஒருத்தி, "கூப்பிடு தூரம்னு சொல்லுண்ணே. போன மாசம் மூத்தவளப் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட அதானே சொன்ன?" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "பாத்துப் பேசு மருதமுத்து. பாதை விஷயம்" என்றார்.

அண்ணன் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் தலைகுனிந்து புத்தகத்தின் மேல் படிந்த தூளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கொடிக்கம்பைப் பிடித்திருந்த அவர் கை ஒரு தடவை மேலே ஏறிக் கீழே இறங்கியது.

"எங்கப்பன் காலத்துல கூப்பிடு தூரமுங்கய்யா. இங்க நின்னு கூப்பிட்டா வூட்டுல இருந்து பதில் வரும். இப்ப இங்க நின்னு என் மகளக் கூப்பிட்டா அவளுக்குக் கேக்காதுங்க. தூரந்தாங்க. தூரம்னே எழுதிக்குங்க."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாதைய வாயால குடுத்துட்டியேடா" என்றார்.

"பாதைக்கு நாளைக்கும் வாதாடலாம் சித்தப்பா. புள்ளைக்கு இந்த வருசம் போனா போனதுதான்."

வார்டன் அம்மா அப்போதுதான் பையிலிருந்து பேனாவை எடுத்தார்கள். அண்ணன் சொன்னதைச் சொன்னபடியே எழுதி, வழக்கம்போல அவர் எதிரில் படித்துக் காட்டினார்கள். பழைய பாதை குவாரியால் அற்றுப்போனது என்பதை அதிகாரி தன் கையால் சேர்த்து எழுதி, நேரில் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டார். அண்ணன் ஒரு கையில் கொடியைப் பிடித்துக்கொண்டே மறு கையால் கையெழுத்துப் போட்டார். கொடியை அப்போதும் இறக்கவில்லை.

"அப்ப இன்னைக்கே என்னோட வந்துடட்டுங்களாம்மா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"நாளைக்குக் காலையிலேர்ந்து. முன்வாசல் வழியா" என்றார்கள். பிறகு கொஞ்சம் தணிந்து, "ராத்திரிச் சமையல நான் பாத்துக்கறேன். நீ இன்னைக்கு இவ கூடப் போயி, இருந்து, காலையில கூட்டிட்டு வா."

கொடி இறங்கியதும் அந்தச் சனத்தோடு சனமாக விளிம்புத் தடத்தில் நடந்தேன். ஒரு பக்கம் கரிசல் காடு, மறு பக்கம் பள்ளம். அருள் நிறைந்த மரியே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கால் வைத்தேன். எனக்கு முன்னால் அந்தப் பிள்ளை, எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாள் பெட்டியோடு அந்தத் தடத்தில் வர முடியாது. அண்ணன் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தார். வழியில் எதிர்ப்பட்ட ஊர்க்காரர்களில் சிலர் பேசவில்லை. ஒருத்தர் மட்டும் பெட்டியை ஒரு கை பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். கீழப்பழுவூர் சுற்றி அரியலூர் வந்து சேர்ந்தோம். வார்டன் அம்மா மோர் கொடுக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் கேட்கிற கேள்விகளை அவருக்கும் முதலிலிருந்து கேட்டார்கள்.

"எப்படி வருவீங்க, மகளப் பாக்க?"

"பஸ்ஸுலதாம்மா. சம்பளம் வாங்கின மறுநாள் வருவேன்."

அன்று மத்தியானம் செல்வராணி பந்தியில் உட்கார்ந்தாள். கரண்டியை அடிவரை விட்டு ஊற்றினேன். சாயங்காலம் லேபு முடியும்வரை இருந்துவிட்டு, ஓடாமல் நடந்து வந்தாள். அந்த நடையை நான் வாசலில் நின்று பார்த்தேன். என் வேலைக் காலத்தில் நான் கண்ட பெரிய சந்தோஷம் அதுதான். மூன்று வருடமும் எங்களிடம் இருந்தாள். முதல் வகுப்பில் தேறினாள். பிறகு பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராகி, எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு உப்பை நெருப்பில் காட்டிக் கொடுத்தாள். அந்த ஊரிலிருந்து அடுத்தடுத்து வந்த பெண்களுக்குத் தூரத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை. பாதைக்காக ஊர் தொடர்ந்து வாதாடியது, கூட்டத்தில் மருதமுத்து அண்ணனும் போய் நின்றார். பேசாதிருந்தவர்கள் நாளடைவில் பேசினார்கள். அந்தப் பெரியவர் தன் பேத்தியைச் சேர்க்க வந்தபோது நான்தான் அவருக்கு மோர் கொடுத்தேன்.

நான் அந்த அடுப்பு முன்னால் நின்றே ஓய்வு பெற்றேன். என்னிடம் பட்டமும் இல்லை, பதக்கமும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் "அக்கா, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று கையைப் பிடிக்க ஒரு பெண் இருக்கிறாள். ஆண்டவர் எனக்குக் குறை வைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. இந்தக் கதை ஏற்கெனவே வெளியே உலாவுகிறது. சமையல்காரி ஜீப்பை மறித்து அதிகாரியிடம் சண்டை போட்டாள் என்கிறார்கள். அப்பன் பாதையை விற்று மகளைப் படிக்க வைத்தான் என்கிறவர்களும் உண்டு. அதிகாரி கல்நெஞ்சக்காரர் என்று சொல்கிறார்கள், வார்டன் அம்மா இரக்கப்பட்டு விதியை மீறினார்கள் என்று புகழ்கிறார்கள். அந்த அம்மா எதையும் மீறவில்லை, நடந்து பார்த்தார்கள். அதிகாரி கூடை மேல் உட்கார்ந்து காத்திருந்தார். நான் சமைத்தேன், கூட நடந்தேன். படிக்கிற உங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் எனக்கு ஒரு வார்த்தையும் கூட்ட வேண்டாம், மற்றவர்களுக்கு ஒரு வார்த்தையும் குறைக்க வேண்டாம். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, கையில் பிடித்த கொடியை இறக்காமல், ஒரு தகப்பன் "தூரந்தாங்க" என்று சொன்னார். அதை அவர் சொன்னபடியே சொல்லுங்கள்.